கரண்ட் வைத்து முடிந்த பிறகும் அப்பாவுக்கு வாய் வறட்சி, தொண்டையில் கோழை: என்ன செய்யலாம்?

தங்கச்சிமடம்_மகள்:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்குத் தொண்டைப் புற்றுநோய். மதுரையில் ஏழு வாரம் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தார்கள், கூடவே கீமோவும். முடிந்து இரண்டு மாதம் ஆகப் போகிறது. கட்டி கரைந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். அந்த மட்டில் நிம்மதி. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அவர் படும் பாட்டைப் பார்க்க முடியவில்லை.

வாய் காய்ந்து நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதே நேரம் தொண்டையில் கோழை நூல் நூலாக நிற்கிறது. காறினால் வெளியே வராது, விழுங்கினால் உள்ளே இறங்காது. நடுராத்திரியில் ஓங்கரித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். வறட்சியும் சளியும் ஒரே ஆளுக்கு எப்படிச் சேர்ந்து வரும் என்றே புரியவில்லை. இங்கே மருந்துக்கடையில் சளி என்று சொன்னதும் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அதைப் போட ஆரம்பித்ததிலிருந்து வாய் இன்னும் மோசமாகக் காய்கிறது.

காலமெல்லாம் கடலுக்குப் போய் வந்தவர். இப்போது வாசலில்கூட உட்கார மாட்டேன் என்கிறார். யாராவது பேச்சுக் கொடுத்தால் வாய் ஒட்டிக்கொண்டு பதில் வராது, பாதிப் பேச்சில் துப்ப வேண்டியிருக்கும் என்று கூச்சம். இதை அனுபவித்தவர்களும் கூட இருந்து பார்த்தவர்களும் எழுதுங்கள்.

மண்டபம்_செவிலி:

அம்மாடி, முதலில் அந்தச் சளி மாத்திரை. அட்டையில் செட்டிரிசின், குளோர்பெனிரமின் என்று ஏதாவது போட்டிருக்கிறதா பார். மூக்கு ஒழுகுவதை நிறுத்தும் மருந்துகள் அவை. ஒழுகுவதை நிறுத்தும் மருந்து உமிழ்நீரையும் குறைக்கும். டாக்டருக்கு இன்றைக்கே போன் போட்டு, இதை நிறுத்தலாமா என்று கேள். நான் கதிர்வீச்சு வார்டில் நெடுங்காலம் வேலை பார்த்தவள். இந்த மாத்திரையோடு வந்து நின்ற நோயாளிகள் நிறையப் பேர்.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். நமக்குப் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் மூன்று ஜோடி. காதுக்கு முன்னும் கீழுமாக இருப்பது பரோட்டிட். சாப்பிடும்போது தண்ணீராக ஊறுவது பெரும்பாலும் அதிலிருந்துதான். தாடைக்குக் கீழேயும் நாக்குக்குக் கீழேயும் இருப்பவை வழவழப்பானதையும் சேர்த்துச் சுரக்கும். நல்ல உடம்புக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை ஊறும். தொண்டைக் கட்டியைக் கரைக்க 60 முதல் 70 கிரே (கதிரை அளக்கும் அலகு) வரை கதிர் கொடுக்கிறார்கள். பரோட்டிட் அந்தப் பாதையிலேயே இருக்கிறது. அது சராசரியாக 26 கிரேக்கு மேல் வாங்கிவிட்டால் மீண்டு வருவது கஷ்டம். முதலில் அடிபடுவது தண்ணீர் சுரக்கும் செல்கள். வழவழப்பைச் சுரப்பவை ஓரளவு தாக்குப்பிடித்துவிடும். கஞ்சியில் தண்ணீரை இறுத்துவிட்டால் அடியில் பசையாக நிற்குமே, அப்பாவின் தொண்டையில் நிற்பது அதுதான். புதிதாகச் சளி பிடிக்கவில்லை. தண்ணீர் போய்விட்டது, அவ்வளவுதான். அதனால் காய வைக்கக் கூடாது, இளக்க வேண்டும். இதை மட்டும் வீட்டில் எல்லோரும் புரிந்துகொண்டால் பாதித் தவறான வைத்தியம் நின்றுவிடும்.

செய்ய வேண்டியது: ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா. காலையில் எழுந்ததும், ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும், படுக்கப் போகும் முன்னும் வாயில் ஊற்றிச் சுழற்றித் துப்பச் சொல். விழுங்கக் கூடாது. தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். உங்கள் பக்கம் போர்த் தண்ணீர் கரிக்கும், அதில் கலக்காதே. காவிரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுத்துக்கொள். சாப்பாட்டுக்கு முன்னால் கொப்பளித்தால் கோழை கழன்று, சோறு இறங்க வழி கிடைக்கும். இதைச் செய்யாமல் தட்டை முன்னால் வைத்தால் முதல் கவளத்திலேயே ஓங்கரிப்பு வரும்.

அப்புறம் நெபுலைசர். ஆஸ்துமாக்காரர்கள் வைத்திருக்கும் அதே மிஷின்தான். டாக்டரிடம் கேட்டு, மருந்து எதுவும் சேர்க்காமல் வெறும் நார்மல் சலைன் (மருந்துக்கடையில் கிடைக்கும் சுத்தமான உப்புநீர்) போட்டுக் காலையும் இரவும் பிடிக்கலாம். நொச்சி இலை, தைலம் போட்டு ஆவி பிடிப்பது வேண்டாம். கதிர் பட்ட தொண்டைக்குக் கற்பூரமும் மெந்தாலும் எரியும். கழுத்துத் தோலும் இன்னும் ஆறியிருக்காது, சூடு பட்டால் புண்ணாகும்.

தலைமாட்டை உயர்த்தி வை. ஃபேன் காற்று முகத்தில் நேராக அடிக்காமல் கட்டிலைத் திருப்பிப் போடு. கச்சான் காற்று வீசும் காலத்தில் உங்கள் ஊரில் ராத்திரி முழுக்க ஜன்னல் வழியே மணலும் உப்பும் வரும். வாயைத் திறந்து தூங்குகிறவருக்கு அது ஆகாது. காற்று வரும் பக்கத்து ஜன்னலைச் சாத்தி, அறையில் ஈரத்துண்டு ஒன்றைத் தொங்கவிடு.

தொண்டி_தம்பி:

அக்கா, எங்கள் வீட்டில் பாட்டி சொல்வது, எலுமிச்சம்பழத்தை நறுக்கி நாக்கில் தடவினால் எச்சில் ஊறும், கோழைக்குத் திரிகடுகம் தேனில் குழைத்துக் கொடுத்தால் அறுத்துக்கொண்டு வரும் என்று. கேட்டுப் பாருங்கள்.

எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. என் மாமாவுக்கு அடிநாக்கில் கட்டி. அடுத்த மாதம் கரண்ட் வைக்கத் தொடங்குகிறார்கள். இந்த வறட்சி வராமல் முன்னாலேயே எதுவும் செய்ய முடியுமா?

கீழக்கரைவாசி:

தங்கச்சி, உன் அப்பா இருக்கிற இடத்தில் நானும் இருந்தவன். எனக்கு டான்சிலில் கட்டி. சிகிச்சை முடிந்து சில வருஷம் ஆகிவிட்டது, அல்லாஹ்வின் கிருபையில் நன்றாக இருக்கிறேன். நீ சொன்ன அந்த நூல் கோழை எனக்குக் கரண்ட் வைத்து முடித்த பிறகுதான் உச்சத்துக்குப் போனது. முடிந்த அன்றோடு எல்லாம் சரியாகிவிடும் என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். உள்ளே வெந்த புண் ஆற அதற்குப் பிறகும் பல வாரம் பிடிக்கும் என்று யாரும் எங்களுக்கு விளக்கிச் சொல்லவில்லை. எனக்குக் கோழை சில மாதத்தில் குறைந்தது. வறட்சி அப்படி இல்லை, மெதுவாகத்தான் இறங்கியது. இரண்டு வருஷம் வரைகூட கொஞ்சம் கொஞ்சமாகத் தேறும் என்று டாக்டர் சொன்னார், எனக்கும் அப்படித்தான். முழுதாகத் திரும்பவில்லை. இப்போதும் தண்ணீர் பாட்டில் இல்லாமல் தெருமுனைக்குப் போக மாட்டேன்.

தண்ணீர் விஷயத்தில் ஒன்று. ஒரேயடியாகச் செம்பு செம்பாகக் குடித்தால் வாய் நனையாது, ராத்திரி எழுந்து எழுந்து போவதுதான் மிச்சம். ஒரு மிடறு வாயில் வைத்து, எல்லாப் பக்கமும் சுழற்றி, மெல்ல விழுங்க வேண்டும். அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக. ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் ஊற்றித் தலைமாட்டில் வைத்தால் தூக்கம் கலையாமல் அடித்துக்கொள்ளலாம். செயற்கை உமிழ்நீர் என்று ஜெல்லும் ஸ்பிரேயும் மருந்துக்கடையில் கிடைக்கும். படுக்கும்போது ஜெல் தடவிக்கொண்டால் எனக்குச் சில மணி நேரம் தாங்கும்.

டாக்டர் எனக்குப் பைலோகார்பின் 5 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை எழுதினார். சுரப்பியில் மிச்சம் இருக்கும் உயிரைத் தட்டி எழுப்பும் மாத்திரை. எனக்குப் பலன் இருந்தது, ஆனால் சட்டை நனைய வியர்த்தது. ஆஸ்துமா, ஒருவகைக் கண் அழுத்த நோய், இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாதாம். அதனால் நீங்களாக வாங்கிவிடாதீர்கள்.

அப்பா வாசலில் உட்கார மறுக்கிறார் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும்தான் நான் இவ்வளவு எழுத உட்கார்ந்தேன். நான் ஒரு வருஷம் எந்த வலிமா (கல்யாண) விருந்துக்கும் போகவில்லை. சஹனில், அதாவது ஒரே பெரிய தட்டில், நாலு பேரோடு கை வைத்துச் சாப்பிடும் ஊர் எங்களுடையது. அங்கே உட்கார்ந்து காறித் துப்ப எப்படி மனசு வரும்? வீட்டில்கூடப் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்த பிறகு தனியாகத்தான் சாப்பிட்டேன். என் மனைவி ஒரு நாள் மூடி போட்ட ஒரு சில்வர் டம்ளரும் கறுப்புத் துண்டும் என் பக்கத்தில் வைத்துவிட்டு, பேசாமல் என் கூடவே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அதன் பிறகு மச்சான் வீடு, அப்புறம் பள்ளிவாசல் திண்ணை என்று கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தேன். அப்பாவை முதலில் ஒரே ஒரு கூட்டாளியோடு உட்கார வை. வாய் ஒட்டும், நடுநடுவே தண்ணீர் குடிப்பார் என்று அந்த ஆளிடம் நீயே முன்கூட்டிச் சொல்லிவிடு. விளக்கம் சொல்லும் பாரத்தை அவர் மேல் போடாதே.

நோன்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன், எங்கள் ஆட்கள் சிலர் இதைப் படிப்பார்கள். சிகிச்சை முடிந்த முதல் ரமலானில் நோன்பு வைத்தே தீருவேன் என்று நின்றேன். தண்ணீர் இல்லாமல் பகல் முழுக்க அந்த வாய் தாங்காது என்று டாக்டர் தடுத்தார். நோயாளிக்கு மார்க்கமே விலக்குத் தந்திருக்கிறது. ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) கேட்டு, நோன்புக்கு ஈடாக ஏழைகளுக்குக் கொடுக்கும் ஃபித்யாவைக் கொடுத்தேன். மனசு கஷ்டப்பட்டது உண்மைதான், ஆனால் உடம்பும் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த ஒரு அமானிதம்தானே.

உச்சிப்புளி_பல்மருத்துவர்:

> எலுமிச்சம்பழத்தை நறுக்கி நாக்கில் தடவினால்

தம்பி, வேண்டாம். பாட்டி சொன்னது சாதாரண வாய்க்குச் சரி. உமிழ்நீர் இருக்கும் வாயில் புளிப்பை அது உடனே கழுவிவிடும். இல்லாத வாயில் அந்த அமிலம் பல்லிலேயே உட்கார்ந்து அரிக்கும். புண் ஆறாத தொண்டையில் சுக்கும் மிளகும் திப்பிலியும் போனால் எரிச்சலில் அந்த மனிதர் துடித்துப்போவார். தேன், கருப்பட்டி, பனங்கற்கண்டு எல்லாமே சர்க்கரைதான். பனை மரங்கள் நிறைந்த சாயல்குடிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் இதைச் சொன்னால் வருத்தப்படுகிறார்கள். இருமலுக்குப் பனங்கற்கண்டை அடக்கிக்கொள்வது நம் வழக்கம், எனக்கும் தெரியும். ஆனால் வறண்ட வாயில் நாள் முழுக்க அது கரைந்துகொண்டிருந்தால், ஈறை ஒட்டிப் பல்லின் கழுத்தைச் சுற்றிச் சொத்தை ஓடி, பல் அப்படியே முறிந்து விழும். சிகிச்சை முடிந்த ஒரு வருஷத்துக்குள் வாய் முழுக்க அப்படி ஆனவர்களைப் பார்த்திருக்கிறேன். சப்ப ஏதாவது வேண்டுமென்றால் சைலிடால் போட்ட, சர்க்கரை இல்லாத சூயிங்கம்.

கதிர் பட்ட வாய்க்குச் சாதாரணப் பற்பசை போதாது. 5000 பி.பி.எம். ஃபுளோரைடு உள்ள பசையோ ஜெல்லோ பல் டாக்டர் எழுதித் தருவார். மென்மையான பிரஷ். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் கூடவே கூடாது, அது இன்னும் காய வைக்கும். நாக்கிலோ கன்னத்து உள்பக்கமோ வெள்ளையாகத் திட்டுத் திட்டாகப் படிந்தால், அல்லது வாய் சிவந்து காந்தினால், அது பூஞ்சை. வறண்ட வாயில் சுலபமாக வரும், மருந்துக்குச் சீக்கிரம் அடங்கும். அதைப் புற்று திரும்பிவிட்டது என்று நினைத்து ராத்திரி தூங்காதவர்கள் உண்டு.

எல்லாவற்றையும்விட முக்கியம்: பல் ஆடுகிறது, வலிக்கிறது என்று எங்காவது போய்ப் பிடுங்கிவிடாதீர்கள். கதிர் பட்ட தாடை எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்திருக்கும். பிடுங்கிய குழி ஆறாமல் எலும்பே செத்துப்போக வாய்ப்பு உண்டு. பத்து வருஷம் ஆனாலும் இந்த ஆபத்து போகாது. எந்தப் பல் டாக்டரிடம் போனாலும் நாற்காலியில் உட்காரும் முன்பே கழுத்துக்குக் கரண்ட் வைத்த விவரத்தைச் சொல்ல வேண்டும்.

தம்பியின் மாமாவுக்கு: சிகிச்சை தொடங்கும் முன்பே பல்லை முழுதாகப் பரிசோதித்து, காப்பாற்ற முடியாத பல்லை இப்போதே எடுத்து, குழி ஆற இரண்டு மூன்று வாரம் விட வேண்டும். இன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.

மண்டபம்_செவிலி:

டாக்டர் சொன்னதோடு இன்னொன்று, தம்பி. ஐ.எம்.ஆர்.டி. (கட்டியின் வடிவத்துக்கு ஏற்பக் கதிரைக் குவிக்கும்) முறையில் கொடுக்கிறார்களா, பரோட்டிட்டை ஒதுக்கித் திட்டம் போட முடியுமா என்று கதிர்வீச்சு டாக்டரிடம் கேளுங்கள். 2011இல் வெளியான பார்ஸ்போர்ட் என்ற பிரிட்டன் ஆய்வில், ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது பழைய முறையில் 74 சதவீதம் பேருக்குத் தொந்தரவு தரும் அளவு வறட்சி இருந்தது, ஐ.எம்.ஆர்.டி.யில் 38 சதவீதம். கட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்து எல்லோருக்கும் ஒதுக்க முடியாது. ஆனால் கேட்பது உங்கள் உரிமை. மாமா பீடி, பொயிலை, குடி எது வைத்திருந்தாலும் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

ஏர்வாடி_அக்கா:

சாப்பாட்டைப் பற்றி நான் எழுதுகிறேன், என் வீட்டுக்காரருக்கு இரண்டு வருஷமாக வடித்துக் கொட்டுகிறவள்.

நம் ஊர்ச் சாப்பாடு முண்டு மிளகாயில் நிற்கிறது. அதை மறந்துவிட வேண்டும், குறைத்தால் போதாது. சிட்டிகை மிளகாய்கூட அவருக்குக் கண்ணில் தண்ணீர் வரவைத்தது. புளியும் காந்தும். நான் செய்வது வெள்ளைச் சொதி. முதல் தேங்காய்ப் பால் கெட்டியாக எடுத்து, மஞ்சள், சீரகம், வெங்காயம் நன்றாக வேகவிட்டு, விளைமீனோ நகரையோ போட்டு இறக்குவேன். முள்ளை நானே விரலால் தடவித் தடவி எடுத்துவிடுவேன், ஏனென்றால் வறண்ட வாயில் முள் இருப்பது நாக்குக்குத் தெரிவதில்லை. மீனை உதிர்த்து இடியாப்பத்தில் பிசைந்து, அதன் மேல் இன்னும் சொதி ஊற்றுவேன். தட்டில் ஈரம் தெரிய வேண்டும். வறுத்த மீன், கருவாடு, ரொட்டி, பிஸ்கட், அவல் இதெல்லாம் தொண்டையில் அப்பிக்கொள்ளும்.

கேப்பைக் கூழ் நன்றாக இறங்கும். நோன்புக் கஞ்சியை மசாலா குறைத்து, மிக்ஸியில் ஒரு சுற்று விட்டுக் கொடுத்தால் எடை கூடும். சித்திரை வைகாசியில் நுங்கு வந்தால் தோலைச் சீவிக் கையாலே மசித்துக் கொடுங்கள். என் வீட்டுக்காரர் சிகிச்சைக்குப் பிறகு ஆசையாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட முதல் பொருள் அதுதான். பதநீரும் இறங்கும், ஆனால் இனிப்பு என்பதால் குடித்ததும் கொப்பளிக்க வைத்துவிடுவேன்.

பால் குடித்தால் சளி கூடும் என்று சொல்லிப் பாலையும் தயிரையும் எங்கள் சொந்தக்காரர்கள் நிறுத்தச் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. எடை இறங்கிக்கொண்டிருக்கும் ஆளுக்குப் பாலை நிறுத்தினால் எதைக் கொடுப்பது? பால் சளியை உண்டாக்காது, வாயில் இருப்பதைக் கொஞ்சம் கெட்டியாக உணர வைக்கும் என்றுதான் ஊட்டச்சத்து நிபுணர் சொன்னார். தண்ணீர் கலந்து கொடுத்து, பின்னால் கொப்பளிக்க வைத்தேன், சரியாகப் போனது.

ருசி பற்றித் தயாராக இருங்கள். எதைக் கொடுத்தாலும் மண்ணாக இருக்கிறது என்பார். உங்கள் சமையலைச் சொல்லவில்லை. ருசி திரும்பப் பல மாதம் ஆகும்.

தங்கச்சிமடம்_மகள்:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சிஸ்டர், டாக்டரிடம் பேசி அந்த மாத்திரையை நிறுத்திவிட்டோம். சோடா உப்புத் தண்ணீர் கொப்பளிக்கிறார். காலையில் கட்டியாக வந்த கோழை இப்போது கொஞ்சம் இளகி வருகிறது. கீழக்கரை அண்ணே, நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, இரண்டாவது தடவை வாசிக்கச் சொன்னார்.

ஒன்று கேட்க வேண்டும். தண்ணீர் குடிக்கும்போது மட்டும் அடிக்கடி இருமுகிறார். கூழ் குடித்தால் அவ்வளவு இல்லை. இதுவும் கோழையால்தானா?

மண்டபம்_செவிலி:

இல்லை மா, இதைக் கோழைக் கணக்கில் சேர்க்காதே. புரை ஏறுகிறது. கதிர் பட்ட தொண்டைத் தசை இறுகிவிட்டால் விழுங்கும் நேரத்தில் மூச்சுக்குழாய் சரியாக மூடாது. தண்ணீர் வேகமாக ஓடுவதால் அதுதான் முதலில் நுரையீரல் பக்கம் நழுவும், கூழ் மெதுவாகப் போவதால் தப்பிக்கும். சிலருக்கு இருமலே வராமல் சத்தமில்லாமல் உள்ளே போய் நிமோனியா வந்துவிடும். ரிவ்யூ தேதி வரை காத்திருக்க வேண்டாம். விழுங்குதல் பரிசோதனை வேண்டும் என்று கேள். பேச்சு, விழுங்குதல் பயிற்சி தருகிறவர் எந்தப் பதத்தில் குடிக்கலாம், தலையை எப்படிக் குனிய வேண்டும், நாக்கை அழுத்தி எப்படி விழுங்க வேண்டும் என்று அவருக்கு ஏற்றபடி சொல்லித் தருவார். வாய் திறக்கும் பயிற்சியும் கேள், தாடை இறுகாமல் இருக்க. அதுவரை நிமிர்ந்து உட்கார்ந்து, சின்ன மிடறாக, அவசரமில்லாமல் குடிக்கட்டும். குடிக்கும்போது பேச்சுக் கொடுக்காதே. காய்ச்சல், நெஞ்சில் கரகரப்பு, மூச்சு வாங்குவது ஏதாவது வந்தால் அன்றைக்கே ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குப் போய்விடு. எச்சிலில் ரத்தம், கழுத்தில் புதுக் கட்டி, நாளுக்கு நாள் கூடும் வலி இருந்தால் மதுரையில் வைத்தியம் பார்த்த இடத்துக்கே போக வேண்டும்.

இன்னொன்று, ரத்தத்தில் டி.எஸ்.எச். (தைராய்டு சோதனை) பார்க்கச் சொல். கழுத்துக்குக் கதிர் பட்டவர்களுக்குத் தைராய்டு மெல்லக் குறையும். ஆறு மாதத்துக்கோ வருஷத்துக்கோ ஒரு தடவை பார்ப்பது வழக்கம். சோர்ந்து படுத்தே கிடந்தால் மனக்கவலை என்று மட்டும் விட்டுவிடக் கூடாது.

கீழக்கரைவாசி:

மதுரைக்குப் பஸ்ஸில் கூட்டிப் போகாதே தங்கச்சி. துப்ப, கொப்பளிக்க இடமில்லாமல் தவித்துப்போவார். புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்த பிறகு உங்கள் பக்கத்துக்கு மறுபடி ரயில் வருகிறதே. சிகிச்சைக்கும் ரிவ்யூவுக்கும் போகும் புற்றுநோயாளிக்கும் கூடப் போகும் ஒருவருக்கும் ரயிலில் கட்டணச் சலுகை உண்டு. அதற்கென்று ஒரு படிவம் இருக்கிறது, ஆஸ்பத்திரியில் டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தருவார். டிக்கெட் எடுக்கும்போதே காட்ட வேண்டும்.

பெரியபட்டினம்_உம்மா:

இங்கேயே கேட்கிறேன். என் மகனுக்குக் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஓட்டை வழியாகத்தான் மூச்சு. அவனுக்கும் கோழை கட்டியாகி ஓட்டை ஓரத்தில் காய்ந்து அடைக்கிறது. இந்தக் கொப்பளிப்பு அவனுக்கு உதவுமா?

மண்டபம்_செவிலி:

வாய்க்கு உதவும் உம்மா, கழுத்து ஓட்டைக்கு உதவாது. மூக்கு செய்த வேலை அவருக்கு இப்போது இல்லை. காற்றை ஈரமாக்கி, தூசியை வடிகட்டி அனுப்ப எதுவும் இல்லாமல் காய்ந்த காற்று நேரே நுரையீரலுக்குப் போகிறது. ஓட்டையின் மேல் சுத்தமான மெல்லிய பருத்தித் துணியை லேசாக நனைத்து, நன்றாகப் பிழிந்து, மூச்சு தடைபடாதபடி தளர்வாகக் கட்டுங்கள். காய்ந்ததும் மாற்றுங்கள். ஈரத்தைக் காக்கும் வடிகட்டி மூடிகள் இருக்கின்றன, அறுவை செய்த டாக்டரிடம் அவருக்கு ஒத்து வருமா என்று கேளுங்கள். நெபுலைசரில் நார்மல் சலைன் அவருக்கும் போடலாம், முகமூடியைக் கழுத்து ஓட்டைக்கு நேரே பிடிக்க வேண்டும். காய்ந்த பொருக்கைக் கையால் பிய்க்காமல், சலைனில் நனைத்த துணியால் ஊறவைத்து எடுங்கள். கடற்கரை மணலில் துணி இல்லாமல் நடக்க விடாதீர்கள். குளிக்கும்போது ஓட்டைக்குள் தண்ணீர் போகக் கூடாது, கடலில் இறங்கவே கூடாது. மூச்சு விடும்போது விசில் சத்தம் கேட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, உடனே 108க்குக் கூப்பிடுங்கள். கழுத்து வழியாக மூச்சு விடுகிறவர், ஆக்சிஜனைக் கழுத்தில்தான் வைக்க வேண்டும் என்று வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லுங்கள்.